மன்னன் கையில் மண்வெட்டி

வகுப்பில் ஒரு நாள் நைல் ஆற்று நாகரிகம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். "மன்னர்கள் கால்வாய்களை வெட்டி நாட்டை வளப்படுத்தினர்" என்று கரும்பலகையில் எழுதி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஐயா, மன்னரேவா வெட்டினார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். "உட்கார் தம்பி" என்று கூறிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம்.

மாலையில் வீடு திரும்பும்போதுதான் நினைவு வந்தது: அந்த மாணவனின் தாய் ஏரி தூர்வாரும் வேலையில் மண்கூடை சுமப்பவர். அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. வெட்டுகிறவர் யார், சுமக்கிறவர் யார் என்பதை வீட்டிலேயே கண்டவன் கேட்ட கேள்வி அது. பட்டம் பெற்ற ஆசிரியர் நாம்; நமக்குத் தோன்றாத ஐயம் அவனுக்குத் தோன்றிற்று. அந்தச் சிரிப்புக்குக் கழுவாய் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

கழுவாய் தேட நமக்குத் துணையாக வந்தது ஒரு கல். இங்கிலாந்து நாட்டு ஆக்ஸ்போர்டு நகரில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் என்ற புகழ்பெற்ற கூடம் ஒன்று உண்டு. 1683ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது அந்தக் கல். நாம் நேரில் கண்டோமில்லை. நூல்களில் உள்ள படங்களில்தான் கண்டோம். கண்டவரை, கருத்தில் பட்டவரை, தோழர்கள் முன் வைக்கிறோம்.

அது ஓர் ஆயுதம். புராணப் படங்களில் வீமன் தோளிலும் அனுமன் தோளிலும் கதாயுதத்தைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அவ்வகைத் தண்டாயுதத்தின் தலைப்பகுதி. பேரிக்காய் வடிவில் செதுக்கிய கல்லின் நடுவே துளையிட்டு, அதில் கைப்பிடியைச் செருகி, எதிரியின் மண்டையைப் பிளப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி. எகிப்தில் மன்னர்கள் தோன்றுவதற்கு முன்பே இத்தகைய தண்டாயுதங்கள் இருந்தன. முதலில் தட்டை வடிவில் இருந்தன; பின்னர் பேரிக்காய் வடிவம் பெற்றன. கடினமான கற்களை மணலும் கல்லும் கொண்டே தேய்த்து வழவழப்பாக்கி, ஊடே துளையிட்ட அந்தக் கைவினைஞர்களின் பொறுமையை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. ஆனால் அக்கற்களின் அளவு கைக்கு அடக்கமானது. வீசினால் சுழலும், அடித்தால் பிளக்கும்.

நாம் பேச வந்த கல்லோ அப்படிப்பட்டதன்று. சுண்ணாம்புக் கல்லால் ஆனது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரம். இதைக் கைப்பிடியில் மாட்டிச் சுழற்ற எந்த வீரனாலும் இயலாது. சுழற்றினால் அடிபடுபவன் எதிரியாக இருக்கமாட்டான்! அடிப்பதற்கு உதவாத ஆயுதம், அதன் உடல் முழுவதும் சிற்ப வேலைப்பாடு. ஏன் இப்படி ஓர் ஆயுதம்? இந்த வினாவில்தான் ஐயாயிரம் ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

* * *

மேல் எகிப்தில், நைலின் மேற்குக் கரையில், எட்பூ நகருக்கு வடக்கே, இன்று கோம் எல் அகமர் எனப்படும் மேடு ஒன்று உண்டு. பண்டை எகிப்தியர் அவ்வூரை நெகென் என்றனர். கிரேக்கர் இயராகொன்பொலிஸ், அதாவது பருந்து நகரம், என்றனர். பருந்து வடிவக் கடவுளான ஹோரஸ் அங்குக் கோயில் கொண்டிருந்தான். மன்னன் தன்னை அந்த ஹோரஸின் உருவமே என்று கூறிக்கொண்டான். கடவுளுக்குக் கோயில், கோயிலுக்குக் காவலன் மன்னன், மன்னனுக்குக் கவசம் கடவுள்! இந்த ஒப்பந்தம் நம் நாட்டில் மட்டும்தான் உண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும் தோழர்கள் நைல் கரைக்கும் ஒருமுறை மனத்தால் சென்று வரவேண்டும்.

1897, 98ஆம் ஆண்டுகளில் ஜேம்ஸ் குயிபெல், பிரெடெரிக் கிரீன் என்ற ஆங்கில அகழாய்வாளர் இருவர் அந்தக் கோயிலின் அடியில் தோண்டியபோது, பழைய காணிக்கைப் பொருள்கள் குவியலாகப் புதைக்கப்பட்டிருந்த இடம் ஒன்று கண்டனர். "முதன்மைப் புதையல்" என்று ஆய்வாளர் அதனை அழைக்கின்றனர். நார்மர் மன்னனின் புகழ்பெற்ற கற்பலகை, அவன் பெயர் பொறித்த தண்டாயுதத் தலை, நாம் பேசும் இந்தப் பெரிய தண்டாயுதத் தலை ஆகியன அவ்வூர்க் கோயில் மண்ணிலிருந்தே வெளிவந்தன. காலம் ஏறத்தாழக் கி.மு. 3100.

போர்க்களத்திலே கிடைக்கவில்லை இந்த ஆயுதம், வீரனின் கல்லறையிலே கிடைக்கவில்லை, கோயிலிலே கிடைத்தது! முதலில் ஆயுதம் மண்டையைப் பிளந்தது. பிளந்த காட்சியைப் பார்த்தவர் அஞ்சினர். அச்சம் பரவிய பிறகு, அடிக்க வேண்டிய தேவை குறைந்தது. காட்டினாலே போதும் என்றாயிற்று. காட்டுவதற்கென்றே பெரிதாக, அழகாக, ஓவியமாகச் செய்தனர். செய்ததைக் கோயிலில் வைத்தனர். அன்று முதல் அது கொலைக்கருவி அன்று, புனிதப் பொருள். கொலைக்கருவிக்கு அஞ்சுவோன், வாய்ப்புக் கிடைத்தால் எதிர்ப்பான். புனிதப் பொருளுக்கு அஞ்சுவோன் எதிர்க்க எண்ணுவதே பாவம் என்று நடுங்குவான். அடிக்கும் தண்டைவிட அடிக்காத தண்டு வலிமை மிக்கது ஆனது இவ்வாறுதான்.

* * *

இனிச் சிற்பத்தைப் பார்ப்போம். கல்லின் பெரும்பகுதி சிதைந்துபோயிற்று. எஞ்சிய பகுதியிலேயே கதை தெளிவாக இருக்கிறது.

நடுவே மன்னன். மேல் எகிப்தின் அடையாளமான உயர்ந்த வெண்முடி தலையில். இடையிலிருந்து காளையின் வால் தொங்குகிறது. காளையின் வலிமை அவனுக்கு உண்டாம். அவன் முகத்தின் எதிரே ஒரு மலரும் ஒரு தேளும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தத் தேளே அவன் பெயர் என்று கொண்டு, "தேள் மன்னன்" என்று ஆய்வாளர் அவனை அழைக்கின்றனர். பொருத்தமான பெயர்தான்!

அந்தத் தேள் மன்னன் கையில் வாள் இல்லை, வில் இல்லை, தண்டும் இல்லை. இரு கைகளாலும் அவன் பற்றியிருப்பது மண்வெட்டி! கீழே ஓடுகிறது நீர்க்கால். கால்வாயைத் திறந்துவைக்கும் விழா இது என்று பல அறிஞர் கூறுவர். கோயிலுக்கு அடித்தளம் தோண்டும் சடங்கு என்று வேறு சிலர் கூறுவர். எதுவாயினும், மண்ணை வெட்டுபவன் மன்னன் என்று காட்டுவதே சிற்பத்தின் நோக்கம்.

மன்னனுக்கு எதிரே ஓர் ஆள் குனிந்து நிற்கிறான், கையில் கூடை. வெட்டிய மண்ணை ஏந்துவதற்கு! அவன் உயரம் எவ்வளவு? மன்னனின் முழங்காலைச் சற்றுத் தாண்டினால் மிகுதி. மன்னனுக்குப் பின்னே இருவர் ஆலவட்டம் ஏந்தி நிற்கின்றனர். வெயிலில் மண் வெட்டுகிறவனுக்கு விசிறி பிடிக்க ஆள் இருக்கும் விந்தையை இந்தக் கல்லில்தான் காணலாம். அப்பால் பல்லக்கில் அமர்ந்தோர், ஆடும் மகளிர். கீழே நீர்க்கரையில், மிகச் சிறிய உருவங்களாய், வேலை செய்யும் ஆட்கள். உண்மையில் வெட்டியவர்கள் அவர்கள்தான். சிற்பி அவர்களை விட்டுவிடவில்லை. ஆனால் விரல் அளவாக்கி ஓரத்தில் ஒதுக்கிவிட்டான்.

கலை விமரிசகர் சிலர் இங்கே குறுக்கிடுவர். "பண்டைக் கலை மரபில் மதிப்புக்கு ஏற்ப உருவத்தைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வழக்கம். அதனை இன்றைய அளவுகோலால் அளப்பது முறையன்று" என்பர். வழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால், வழக்கம் என்று சொல்லிவிட்டால் விளக்கம் முடிந்துவிடுமா? யாருடைய வழக்கம்? யாருக்கு நன்மை தந்த வழக்கம்? மண் சுமந்தவன் சிற்பம் செய்திருந்தால், அவனைத் தானே முழங்கால் உயரத்தில் செதுக்கிக்கொண்டிருப்பானா? அழகைப் பாராட்டுவோம், தடையில்லை. கோட்டின் தெளிவு, உருவங்களின் ஒழுங்கு, வளைந்த கல்லின் மேல் நிரல்நிரலாகக் காட்சி அமைத்த திறம், அனைத்தும் பாராட்டுக்குரியவையே. ஆனால் அழகாகச் சொல்லப்பட்ட பொய், அழகின் காரணமாக உண்மையாகிவிடாது. பொய்யை அழகாகச் சொன்னதால் அது ஐயாயிரம் ஆண்டு நிலைத்தது என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது. நாம் கரும்பலகையில் எழுதிய வாசகம் அந்தச் சிற்பி செதுக்கியதன் படிதானே! அவன் உளியால் செய்ததை நாம் சுண்ணக்கட்டியால் செய்தோம்.

* * *

சிற்பத்தின் மேல்வரிசையை இன்னும் பார்க்கவில்லை. நெஞ்சை உலுக்கும் பகுதி அதுவே.

மேலே வரிசையாகக் கொடிக்கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு குலத்தின் அல்லது ஒரு வட்டாரத்தின் தெய்வச் சின்னம். அக்கம்பங்களில் கயிறுகள் தொங்குகின்றன. கயிறுகளின் முனையில், கழுத்தில் சுருக்கிடப்பட்டு, பறவைகள் தொங்குகின்றன! நம் வயல்வெளிகளில் ஆள் நடமாட்டம் கண்டதும் கூவிப் பறக்கும் ஆள்காட்டிப் பறவையை நாம் அறிவோம். அந்த இனத்தைச் சேர்ந்த, தலையில் கொண்டை உள்ள பறவை. எகிப்திய எழுத்தில் அந்தப் பறவைக்கு ஒரு பொருள் உண்டு. அதனை "ரெகித்" என்று படிப்பர். பொருள்: மக்கள், குடிகள்.

ஆம், தோழர்களே! மன்னன் மண்வெட்டியோடு நிற்கும் அதே கல்லில், அவன் தலைக்கு மேலே, மக்கள் தூக்கிலே தொங்குகிறார்கள்.

அக்காலத்தில் அச்சொல் மன்னனுக்கு அடங்காத வடபகுதி மக்களைக் குறித்தது என்று சில ஆய்வாளர் கூறுவர். இருக்கலாம். ஆயினும் பின்னாளில் அது பொதுமக்களையே குறித்தது என்பதில் ஐயமில்லை. அடங்காதவரைக் குறித்த சொல்லே ஆளப்படுபவர் எல்லாருக்கும் பெயராயிற்று என்றால், ஆட்சியாளரின் கண்ணுக்கு மக்கள் எப்படித் தோன்றினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வேறு கம்பங்களில் விற்கள் தொங்குகின்றன. அவை அயல்நாட்டுப் பகைவரைக் குறிப்பவை. உள்நாட்டு மக்களுக்கும் வெளிநாட்டுப் பகைவருக்கும் ஒரே கயிறு!

அந்தப் பறவையின் கதை அத்தோடு முடியவில்லை. ஜோசர் என்ற மன்னனின் படிக்கட்டுப் பிரமிடுக்கு அருகே கிடைத்த சிலைப் பீடத்தில், அவன் காலடியில் விற்களும் அந்தப் பறவைகளும் பொறிக்கப்பட்டுள்ளன. சிலை நிற்பது மக்கள் மேல்! இன்னும் பிற்காலத்தில் கோயில் தூண்களிலும் சுவர்களிலும் அதே பறவையைக் காணலாம். இப்போது கழுத்தில் கயிறு இல்லை, காலடியிலும் இல்லை. அதற்கு மனிதக் கைகள் முளைத்துவிட்டன. அந்தக் கைகளை உயர்த்தி மன்னனை வணங்குகிறது. எல்லா மக்களும் போற்றுகிறார்கள் என்பது அதன் பொருள்.

முதலில் கழுத்தில் கயிறு. பிறகு காலடியில் இடம். இறுதியில் கைகூப்பி வணக்கம். அச்சம் பக்தியாக மாறிய வரலாற்றை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் எழுதவில்லை. கும்பிடும் கை எங்கே இருந்து வந்தது என்று கேட்போருக்கு, கயிற்றிலிருந்து வந்தது என்று இக்கல் விடை சொல்கிறது. பறக்கத் தெரிந்த பறவை பறப்பதை மறந்து கும்பிடக் கற்றுக்கொண்டது. சிறகுக்குப் பதில் கை கிடைத்தது; ஆனால் அந்தக் கையும் தனக்காக அன்று!

* * *

அதே ஊர்க் கோயிலிலிருந்து அதே அருங்காட்சியகத்துக்குச் சென்ற நார்மர் மன்னனின் தண்டாயுதத் தலையைப் பற்றியும் ஒரு சொல். படிகள் அமைந்த மேடையில், விதானத்தின் கீழ், மன்னன் வீற்றிருக்கிறான். அவன் எதிரே கணக்கு எழுதப்பட்டுள்ளது: மாடுகள் 4,00,000, ஆடுகள் 14,22,000, கைப்பற்றப்பட்ட மனிதர்கள் 1,20,000. எகிப்தியரின் எண் குறிகளைக் கொண்டு ஆய்வாளர் படித்த தொகை இது. இத்தொகை மெய்யோ, மன்னனின் பெருமைக்காகப் பெருக்கியதோ, அது வேறு வினா. நாம் கவனிப்பது வரிசையை. மாடு, ஆடு, மனிதன்! பட்டியில் அடைத்தவை, கொட்டிலில் கட்டியவை, கயிற்றில் பிணைத்தவர் எல்லாம் ஒரே கணக்கு ஏட்டில். இலட்சத்து இருபதாயிரம் பேரில் ஒருவனுக்கேனும் பெயர் உண்டா? இல்லை. பெயர் ஒருவனுக்கே, எண் மற்றவர்க்கு.

நார்மரின் கற்பலகையிலோ, அவன் இடக்கையால் ஒரு பகைவனின் தலைமயிரைப் பற்றி, வலக்கையில் தண்டாயுதத்தை ஓங்கி நிற்கிறான். அதற்கும் சில நூற்றாண்டுகள் முற்பட்ட நெகென் கல்லறைச் சுவர் ஓவியத்திலேயே, கட்டுண்ட மூவர்மீது ஒருவன் ஆயுதம் ஓங்கும் காட்சி உண்டு. அந்த ஓங்கிய கை மூவாயிரம் ஆண்டுக்கு மேல் தாழவே இல்லை! மன்னர் மரபுகள் மாறின, தலைநகர்கள் மாறின, வில்லும் வாளும் தேரும் வந்து, போர்க்களத்தில் கல்தண்டு பயனற்றுப் போயிற்று. ஆயினும் கோயிற் சுவரில் மட்டும் மன்னன் அதே கோலத்தில் நின்றான். இறுதியில் எகிப்தை ஆண்ட உரோமப் பேரரசர்களையும் எசுனா கோயிற் சுவரில் அதே கோலத்தில் செதுக்கிவைத்தனர் பூசாரிகள். ஆளுபவன் எந்த நாட்டவன், எந்த மொழியினன் என்பது பூசாரிக்குப் பொருட்டன்று. ஆளுபவனாக இருந்தால் போதும், ஓங்கிய கையைப் பொருத்திவிடுவான்!

* * *

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "மன்னன் வெட்டவில்லை என்பது சரி. ஆனால் மன்னன் இல்லாவிடில் கால்வாய் ஏது? ஆயிரக்கணக்கானோரை ஒன்றுகூட்டி, கட்டளையிட்டு, வேலை வாங்க ஒரு தலைவன் வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நேர்மையான கேள்வி. விடை சொல்லவேண்டியதே.

கார்ல் விட்போகல் என்ற அறிஞர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கருத்தையே பெரிதாக விரித்தார். பெரிய நீர்ப்பாசனத்தை நடத்தப் பெரிய அதிகாரம் தேவைப்பட்டது. அதனால் கீழை நாடுகளில் கொடுங்கோன்மை வேரூன்றியது என்றார். எகிப்தைப் பொறுத்தவரை இக்கருத்து நிற்கவில்லை. 1976இல் கார்ல் புட்சர் என்ற ஆய்வாளர் நைல் சமவெளியின் நிலத்தையும் நீரையும் ஆராய்ந்து நூல் எழுதினார். ஆண்டுதோறும் பெருகிவரும் வெள்ளம் இயற்கையாகவே பள்ளங்களில் நிரம்பும். கரையை உயர்த்தி, வாய்க்காலைத் திறந்து, மூடி, அந்நீரைத் தேக்குவது அந்தந்த வட்டாரத்து மக்களாலேயே இயன்ற வேலை. தலைநகரின் கட்டளைக்கு அது காத்திருக்கவில்லை என்று அவர் காட்டினார். ஊரார் கூடி வெட்டினர். ஊரார் கூடிக் காத்தனர். மன்னன் அதன்பின் வந்தான். வந்தவன் முதலில் செய்த வேலை, வெட்டி முடித்த கால்வாயில் மண்வெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டதே! அந்நாளில் புகைப்படக் கருவி இல்லை. ஆதலால் கல்லில் எடுத்துக்கொண்டான்.

மக்கள் என்றுமே வாய்மூடி இருந்தனரா? அதுவும் இல்லை. மூன்றாம் ராம்சேஸ் என்ற மன்னனின் 29ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மன்னர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்கள் தங்களுக்கு உரிய தானியக் கூலி வந்துசேரவில்லை என்று கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினர். கோயில்களின் அருகே போய் அமர்ந்தனர். பசி என்றனர்; கூலி என்றனர். அதிகாரிகள் வந்து கெஞ்சினர், வாக்களித்தனர். வாக்கு பொய்த்தபோது தொழிலாளர் மீண்டும் வெளியேறினர். எழுதிவைக்கப்பட்ட வேலைநிறுத்தங்களில் உலகத்திலேயே தொன்மையானது இதுவே என்பர். அதைக் குறித்துவைத்த பாப்பிரசுச் சுவடி இன்று இத்தாலி நாட்டு டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கயிற்றில் தொங்கவிட்ட பறவை கூவிற்று! கடவுளின் உருவம் என்று கூறப்பட்ட மன்னனின் களஞ்சியம் காலி என்று அது உலகுக்குச் சொல்லிற்று. ஆக்ஸ்போர்டில் உள்ள கல்லை ஒரு கண்ணால் பார்ப்போர், டூரினில் உள்ள சுவடியை மறு கண்ணால் பார்க்கவேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எகிப்து தெரியும்.

* * *

தண்டாயுதம் மறைந்துவிட்டதா? மறையவில்லை, உருமாறியிருக்கிறது. இங்கிலாந்தின் மக்கள் மன்றத்தில் இன்றும் பொன்முலாம் பூசிய தண்டு ஒன்றை மேசைமேல் வைத்தே அவை நடக்கிறது. முடியாட்சியின் அதிகாரத்துக்கு அது அடையாளம். 1653இல் கிராம்வெல் அவையைக் கலைத்தபோது அந்தத் தண்டையும் விளையாட்டுப் பொருள் என இகழ்ந்து அகற்றச் செய்தார். முடியாட்சி மீண்டது, தண்டும் மீண்டது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை மடத்தின் சார்பில் தங்கச் செங்கோல் ஒன்று நேருவிடம் அளிக்கப்பட்டது. அப்போதே, ஆகஸ்டு 24ஆம் நாளிட்ட 'திராவிட நாடு' இதழில், அறிஞர் அண்ணா அக்கோலைப் பற்றியும், கொடுத்தவர் உள்ளக்கிடக்கை பற்றியும் வினா எழுப்பி எழுதினார். அந்தக் கோல் நெடுங்காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. பழம்பொருளுக்கு உரிய இடம் அதுவே. 2023 மே 28ஆம் நாள், மடத்துத் தலைவர்கள் சூழ, புதிய நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் இருக்கையின் அருகே அதனை நிறுத்தினர். நெகெனில் அரசனிடமிருந்து கோயிலுக்குப் போன கோல், இங்கே மடத்திலிருந்து அரசுக்கு வந்திருக்கிறது. திசைதான் வேறு, பாதை ஒன்றே. மக்கள் வாக்குச் சீட்டால் பெற்ற உரிமைக்கு மடத்துக் கோலின் காவல் எதற்கு? அருங்காட்சியகத்தில் இருக்கும்வரை கோல் நமக்குப் பாடம் சொல்லும். அவைக்குள் வந்தால் ஆணையிடத் தொடங்கும்.

அருங்காட்சியகத்தையும் முழுவதும் நம்பிவிட வேண்டாம். தேள் மன்னனின் கல் ஆக்ஸ்போர்டுக்குப் போனது எப்படி? 1882 முதல் எகிப்து ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. கண்டெடுத்த பொருள்களைக் கெய்ரோவுக்கும் தோண்டியவர் நாட்டுக்குமாகப் பங்கிட்டுக்கொள்ளும் முறை நடந்தது. நார்மரின் பலகை கெய்ரோவில் தங்கியது; தண்டாயுதத் தலைகள் கடல் கடந்தன. "குயிபெல் தோண்டினார், கிரீன் தோண்டினார்" என்று நூல்கள் கூறுகின்றன. நாமும் மேலே அப்படித்தான் எழுதினோம்! ஆனால் அந்நாளைய எகிப்திய அகழாய்வுகளில் உள்ளூர் உழைப்பாளிகளே மண்ணை வெட்டினர். சிறுவரும் சிறுமியருங்கூடக் கூடையில் மண் சுமந்தனர். கல்லுக்குள் மண்வெட்டியும் கூடையும். கல்லை வெளியே எடுக்கவும் மண்வெட்டியும் கூடையும். இடையே ஐயாயிரம் ஆண்டு! பெயர் மட்டும் இரண்டு முறையும் உயர நின்றவர்க்கே போயிற்று. பகுத்தறிவு பேசும் நம் எழுதுகோலுக்கே பழைய வழக்கம் இவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது என்றால், பாடநூலைக் குறை கூறுவதற்கு முன் நம்மையே நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

கல்லை உடைக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. பாதுகாக்கவேண்டும், எகிப்து மக்கள் எளிதில் காணும் இடத்தில் இருக்கவேண்டும், நன்றாகப் பார்க்கவேண்டும். பொய் சொன்னவன் தன்னையும் அறியாமல் உண்மையையும் செதுக்கிவிட்டான். பெரிய உருவத்தை மட்டும் பார்ப்பவனுக்கு அது மன்னன் புகழ். சிறிய உருவங்களைப் பார்ப்பவனுக்கு அதுவே மக்கள் வரலாறு. கூடைக்காரன் அங்கே இருக்கிறான். கரையில் வேலையாட்கள் இருக்கிறார்கள். கயிற்றில் பறவைகள் இருக்கின்றன. அவர்களை யாரும் அழிக்கவில்லை. நாம்தான் பார்க்கத் தவறினோம்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றதும் அந்த மாணவனை எழுப்பினோம். தண்டிக்கப் போகிறோம் என்று அஞ்சி நின்றான். "தம்பி, நேற்று நீ கேட்டது சரியான கேள்வி. நாங்கள் சிரித்தது தவறு" என்றோம். படத்தைக் காட்டி, "இதில் உண்மையாக மண் வெட்டியவர் யார், காட்டு" என்றோம். அவன் மன்னனைத் தொடவில்லை. கீழே, நீர்க்கரையில், விரலளவு உருவத்தின் மேல் விரலை வைத்தான். பிறகு கூடைக்காரனைச் சுட்டி, "இவரும்" என்றான்.

கரும்பலகையில் முதல்நாள் எழுதிய வாசகத்தை அழித்தோம். "மக்கள் கால்வாய்களை வெட்டினர், மன்னர்கள் தம் பெயரைப் பொறித்தனர்" என்று எழுதினோம். வகுப்பு அதைத் தம் ஏடுகளில் எழுதிக்கொண்டது. தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் பாடநூல் எழுதுவோர்.